அழுத்தம் ஏறும் வழிகளும் மருந்து நிற்கும் இடங்களும்



இந்த அரங்கில் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். அம்லோடிபின், டெல்மிசார்ட்டன், எனலாப்ரில், ஹைட்ரோகுளோரோதயசைடு என்று மாத்திரைப் பெட்டியில் இருக்கும் பெயர்கள் உங்களுக்கே மனப்பாடமாகியிருக்கும். மருத்துவரிடம் போனால் நாம் வழக்கமாகக் கேட்பது, "டோஸ் கூட்டியிருக்கீங்களா டாக்டர்?" என்றுதான். மருந்தின் அளவில் நமக்கு இருக்கும் அக்கறையில் பாதிகூட, அது உடம்புக்குள் எந்த இடத்தில் போய் நிற்கிறது என்பதில் இருப்பதில்லை. மருந்தியல் கற்பிக்கிறவன் என்ற முறையில் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்த இடத்தைப் பற்றித்தான். செல்லின் சமிக்ஞைப் பாதையில் ஒரு மருந்து எந்தப் படியில் குறுக்கிடுகிறது என்று தெரிந்துவிட்டால், யாருக்கு இருமல் வரும், யாருக்கு அதைக் கொடுக்கவே கூடாது, எதனோடு சேர்த்தால் பலன், எதனோடு சேர்த்தால் ஆபத்து என்பனவற்றில் பெரும்பகுதி அதிலிருந்தே விளங்கிவிடும்.

உலகில் 100 கோடிக்கும் மேற்பட்ட பெரியவர்களுக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் அது கட்டுக்குள் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. மலிவான, நல்ல மருந்துகள் அரை நூற்றாண்டாகக் கையில் இருந்தும் இந்த நிலை. மருந்து கிடைக்காமை, சோதித்துப் பார்க்காமை, பாதியில் நிறுத்திவிடுதல் என்று இதற்குக் காரணங்கள் பல. மருந்துகளைச் சேர்க்கும் முறையில் நாம் செய்யும் பிழையும் அவற்றில் ஒன்று.

இரத்த அழுத்தத்தை முக்கியமாகத் தீர்மானிப்பவை பெரிய தமனிகள் அல்ல. கண்ணுக்கு அரிதாகத் தெரியும் நுண்தமனிகள். ஒரு குழாயின் தடை அதன் ஆரத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும் என்பது இயற்பியல். ஆரம் 10 சதவீதம் சுருங்கினாலே தடை ஏறத்தாழ 50 சதவீதம் கூடிவிடும். ஆகவே நுண்தமனியின் சுவரில் வளையமாகச் சுற்றியிருக்கும் மென்தசைச் செல் சற்றே இறுகினாலும் உடல் முழுவதும் அதன் விளைவு தெரியும்.

அந்தச் செல்லை இறுகச் செய்யும் செய்திகளில் வலிமையானது ஆஞ்சியோடென்சின் இரண்டு என்னும் சிறு பெப்டைடு. எட்டே எட்டு அமினோ அமிலங்கள். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏடி1 ஏற்பியில் அது வந்து அமர்கிறது. ஏற்பியின் வால்பக்கம் செல்லுக்குள் இருக்கும் ஜி-புரதத்தைத் தட்டி எழுப்புகிறது; அது பாஸ்போலிப்பேஸ் சி என்ற நொதியை முடுக்குகிறது; நொதி சவ்வுக் கொழுப்பை வெட்டி ஐபி3 என்ற சிறு மூலக்கூற்றை விடுவிக்கிறது; ஐபி3 செல்லின் உள்ளறைகளில் சேர்த்து வைத்த கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. கால்சியம் கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து மயோசின் கைனேஸ் என்ற நொதியை இயக்க, மயோசினில் பாஸ்பேட் ஏறுகிறது, தசை இறுகுகிறது. இதோடு முடிவதில்லை. அதே ஏற்பி ரோ-கைனேஸ் என்ற இன்னொரு நொதியையும் எழுப்புகிறது. அது, ஏறிய பாஸ்பேட்டைக் கழற்ற வரும் நொதியைத் தடுத்துவிடுகிறது. கால்சியம் வடிந்த பிறகும் இறுக்கம் விடாமல் நீடிப்பதற்கு இதுவே காரணம்.

இந்தப் பாதையை மனிதர்கள் கண்டுபிடித்தது மேலிருந்து கீழாகவோ, கீழிருந்து மேலாகவோ அல்ல. நடுவில் ஓரிடம், பிறகு கடைசியில் ஓரிடம், பிறகு தொடக்கத்தில் ஓரிடம் என்று துண்டு துண்டாகத்தான். 1898இல் ஸ்டாக்ஹோமில் ராபர்ட் டிகர்ஸ்டெட்டும் அவருடைய மாணவர் பெர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகத்தை அரைத்து எடுத்த சாற்றை மற்றொரு முயலுக்குச் செலுத்தினார்கள். அழுத்தம் ஏறியது. அந்தப் பொருளுக்கு ரெனின் என்று பெயர் வைத்தார்கள். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1934இல் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியை வெள்ளிக் கவ்வியால் நெரித்து நிலையான உயர் அழுத்தத்தை உண்டாக்கிக் காட்டிய பிறகே, சிறுநீரகம் அழுத்தத்தை ஏற்றும் உறுப்பு என்பது நிலைபெற்றது. ரெனின் தானே குழாய்களை இறுக்குவதில்லை. கல்லீரல் தயாரிக்கும் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதத்தை வெட்டுகிறது. வெட்டிய துண்டை இன்னொரு நொதி மேலும் வெட்டினால்தான் வீரியமுள்ள ஆஞ்சியோடென்சின் இரண்டு பிறக்கும் என்பவையெல்லாம் 1940க்கும் 1956க்கும் இடையில் தெளிவாயின. அந்த இரண்டாவது நொதிதான் ஏசிஇ.

இனி நான் சொல்லப் போவது பிரேசில் நாட்டுப் பாம்பின் கதை. என் வகுப்பில் எந்த ஆண்டும் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. ஜரராகா என்பது அந்நாட்டு விரியன் இனம். அதன் நஞ்சைக் கொண்டு ஆய்வு செய்த மவுரிசியோ ரோச்சா இ சில்வாவும் அவருடைய தோழர்களும் 1940களின் இறுதியில் சாவோ பாலோவில் பிராடிகைனினைக் கண்டறிந்தார்கள். அது குழாய்களைத் தளர்த்தும் பெப்டைடு. பின்னர் 1965இல் செர்ஜியோ ஃபெரெய்ரா அதே நஞ்சில், பிராடிகைனின் சிதையாமல் காத்து அதன் வேலையைப் பெருக்கும் ஒரு பொருள் இருப்பதைக் காட்டினார். அதை எடுத்துக்கொண்டு லண்டனில் ஜான் வேனின் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே பக்லே என்ற ஆய்வாளர் அந்த நஞ்சுப் பொருளை ஏசிஇ நொதியின்மேல் சோதித்துப் பார்க்க, நொதி செயலற்றுப் போனது. ஆஞ்சியோடென்சினை உண்டாக்கும் நொதியும் பிராடிகைனினைச் சிதைக்கும் நொதியும் ஒன்றே என்பது பின்னர் உறுதியாயிற்று. இறுக்குவதைப் பிறப்பித்துத் தளர்த்துவதை அழிக்கும் ஒரே கை அது!

நஞ்சிலிருந்து கிடைத்த பெப்டைடை ஊசியாகத்தான் போட முடியும். நியூ ஜெர்சியில் ஸ்குவிப் நிறுவனத்தின் டேவிட் குஷ்மனும் மிகேல் ஒண்டெட்டியும் வேறு வழி தேடினார்கள். ஏசிஇயின் உருவத்தை அன்று யாரும் பார்த்ததில்லை. ஆனால் அது துத்தநாகம் தாங்கிய நொதி என்பதும், கணையத்தின் கார்பாக்சிபெப்டிடேஸ் என்ற நொதிக்கு அது உறவு என்பதும் தெரியும். தெரிந்த நொதியின் பள்ளத்தை வைத்துத் தெரியாத நொதியின் பள்ளத்தை ஊகித்து, துத்தநாகத்தைக் கவ்வும் கந்தகத்தை ஒரு முனையிலும் புரோலைனை மறுமுனையிலும் வைத்து ஒரு சிறு மூலக்கூற்றை வடித்தார்கள். 1977இல் வெளியான கேப்டோப்ரில் அதுதான். 1981இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஒரு நொதியில் மருந்து அமரும் இடத்தை அறிவால் கணித்து அதற்கேற்ப மருந்து செய்த முதல் சான்றுகளில் ஒன்றாக இதை இன்றும் பாடநூல்கள் வைத்திருக்கின்றன. எனலாப்ரிலும் ராமிப்ரிலும் அதன் தம்பிகள்.

எனலாப்ரில் சாப்பிட்டு வறட்டு இருமலால் இரவெல்லாம் உறங்காமல் அவதிப்பட்டவர்கள் இங்கே இருப்பார்கள். காசநோயோ என்று பயந்து எக்ஸ்ரே எடுத்தவர்களும் உண்டு. ஏசிஇ நின்றுபோனால் பிராடிகைனின் சிதையாமல் சேரும். மூச்சுக்குழலில் சேர்ந்து நரம்பு முனைகளைத் தூண்டும் அதுவே அந்த இருமலுக்கு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. ஆசிய மக்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் இருமலும் நின்றுவிடும். அதே பாதையில் ஒரு படி கீழே இறங்கி, ஏடி1 ஏற்பியையே அடைக்கும் லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் போன்றவற்றுக்கு மாறினால் பிராடிகைனினைத் தொடுவதே இல்லை, இருமலும் இல்லை. 1995இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த லோசார்ட்டனின் பெரும் பயன் இதுவே. அழுத்தத்தைக் குறைப்பதில் இரண்டு வகையும் ஏறக்குறைய சமம். வேறுபாடு நிற்கும் படியில் மட்டும்.

இங்கிருந்து ஓர் ஆசை எழுந்தது. ஏசிஇயை அடைத்தாலும் வேறு நொதிகள் வழியாகக் கொஞ்சம் ஆஞ்சியோடென்சின் இரண்டு உண்டாகிறது. ஏற்பியை அடைத்தாலோ, தட்டிக்கேட்க ஆளில்லாத ரெனின் மேலும் மேலும் சுரக்கிறது. அப்படியானால் இரண்டு படிகளிலும் ஒருசேர அடைத்துவிட்டால் என்ன? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பல ஆண்டுகள் பல நாடுகளில் மருத்துவர்கள் அப்படியே எழுதிக்கொடுத்தார்கள். 2008இல் ஆன்டார்கெட் ஆய்வின் முடிவு வந்தது. 25,000க்கும் மேற்பட்ட நோயாளிகள். ராமிப்ரில் மட்டும், டெல்மிசார்ட்டன் மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று அணிகள். இரண்டும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. மயக்கமும், பொட்டாசிய ஏற்றமும், சிறுநீரகக் கேடும்தான் கூடின. ரெனினையே நேராக அடைக்கும் அலிஸ்கைரன் என்ற மருந்தை, ஏற்கெனவே இந்தப் பாதையில் மருந்து எடுத்துக்கொண்டிருந்த சர்க்கரை நோயாளிகளுக்குச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆல்டிட்யூட் ஆய்வை 2011 டிசம்பரில் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

காரணம் பாதையின் அமைப்பிலேயே இருக்கிறது. ரெனின் முதல், உடலில் உப்பைத் தேக்கும் ஹார்மோனான ஆல்டோஸ்டெரோன் வரையுள்ள இந்தச் சங்கிலி நோயை உண்டாக்குவதற்காக ஏற்பட்டதன்று. இரத்தம் கொட்டும்போது, நீர் வற்றும்போது, உப்பு கிடைக்காத காட்டில் அலையும்போது உயிரைத் தாங்கிப் பிடிப்பதற்காக ஏற்பட்டது. சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் போதிய அழுத்தத்தைக் காத்துத் தருவதும் அதே ஆஞ்சியோடென்சின் இரண்டுதான். ஓரளவு தணித்தால் நன்மை. முற்றாக மூடிவிட்டால், வாந்தி பேதி வந்த அன்று சிறுநீரகத்துக்குத் துணை நிற்க யாரும் இல்லை. இதே காரணத்தால்தான் இந்த வகை மருந்து சாப்பிடும் முதியவர் கடுமையான வயிற்றுப்போக்கால் வற்றிப்போகும்போது அதைத் தற்காலிகமாக நிறுத்தலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும்; மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக்கோ ஐபுபுரூஃபனோ கடையில் தானே வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. அந்த வலிமாத்திரைகள் சிறுநீரகத்தின் இன்னொரு காவலான புரோஸ்டாகிளான்டின்களைத் தடுத்துவிடுகின்றன. அதைக் கண்டுபிடித்தவர்களிலும் வேனும் ஃபெரெய்ராவும் உண்டு. பாம்பு நஞ்சை லண்டனுக்குக் கொண்டுபோன அதே ஃபெரெய்ரா, 1971இல் ஆஸ்பிரின் புரோஸ்டாகிளான்டினைத் தடுப்பதைக் காட்டிய கட்டுரைகளில் ஒன்றில் முதல் பெயராக இருக்கிறார்.

ஒரே பாதையில் இரட்டை அடைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதை ஒமாபட்ரிலாட் காட்டியது. ஏசிஇயையும் நெப்ரிலைசின் என்ற மற்றொரு நொதியையும் ஒருசேர அடைக்கும் மருந்து அது. அழுத்தத்தை நன்றாகவே குறைத்தது. ஆனால் பிராடிகைனினைச் சிதைக்கும் இரண்டு நொதிகளும் ஒரே நேரத்தில் அடைபட்டதால் முகமும் நாக்கும் தொண்டையும் திடீரென வீங்கும் ஆஞ்சியோஎடிமா எனலாப்ரிலைவிட மூன்று மடங்கு பேருக்கு வந்தது. மூச்சை அடைக்கக்கூடிய வீக்கம் அது. அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவில்லை. பிறகு நெப்ரிலைசின் அடைப்பானை ஏசிஇ மருந்தோடு சேர்க்காமல், ஏடி1 ஏற்பியை அடைக்கும் வல்சார்ட்டனோடு சேர்த்தார்கள். பிராடிகைனினைச் சிதைக்க ஏசிஇ விடுபட்டு நின்றதால் அந்த வீக்கம் அரிதாயிற்று. இதயச் செயலிழப்புக்கு இன்று உலகெங்கும் கொடுக்கப்படும் சக்குபிட்ரில்-வல்சார்ட்டன் அதுதான். நெப்ரிலைசினைத் தடுக்கும் யோசனையில் பிழை இல்லை. கூட்டாளி நின்ற படியில்தான் பிழை.

குழாயைத் தளர்த்தும் பாதைக்கு வருகிறேன். 1980இல் நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் மகாதமனித் துண்டுகளை வைத்து ஆய்வு செய்தபோது, அசிட்டைல்கோலின் சில துண்டுகளைத் தளர்த்தியது, சிலவற்றைத் தளர்த்தவில்லை. வெட்டித் தயாரிக்கும்போது உட்படலம் உராய்ந்து போன துண்டுகள்தாம் தளராதவை. அதுவரை குழாயின் உள் உறை என்று மட்டும் கருதப்பட்ட அந்த ஒற்றைச் செல் படலம் ஒரு செய்தியை அனுப்புகிறது என்பது அன்று தெரிந்தது. அந்தச் செய்தி நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயு. சில நொடிகளே வாழும். மென்தசைச் செல்லுக்குள் நுழைந்து சைக்ளிக் ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூற்றை உண்டாக்குகிறது. அது கால்சியத்தைக் குறைத்து, ரோ-கைனேஸ் முடக்கிய நொதியை மீண்டும் இயங்க வைக்கிறது. ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு.

அப்படியானால் நைட்ரிக் ஆக்ஸைடு தரும் மருந்தையே சாதாரண பிரஷருக்குக் கொடுக்கலாமே? நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை அதுதான். தொடர்ந்து கொடுத்தால் உடல் அதற்குப் பழகி மறுமொழி தராமல் போய்விடுகிறது. சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் சில்டெனாஃபில் நுரையீரல் தமனி அழுத்தத்துக்குப் பயன்படுகிறது. அந்த நொதி நுரையீரல் குழாய்களில் மிகுதி. நைட்ரேட்டும் சில்டெனாஃபிலும் ஒன்றாகச் சேர்ந்தால் ஒன்று பொருளைப் பெருக்க, மற்றது அது கரையாமல் தடுக்க, அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகச் சரியும். ஆண்மைக் குறைவுக்குச் சில்டெனாஃபில் எடுப்பதை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

ஒரே பாதையை இரண்டு முறை அடைக்க வேண்டாம் என்றால் வேறு என்ன செய்வது? வெவ்வேறு பாதைகளைச் சிறிது சிறிதாகத் தணிப்பது. கண்மாயில் ஒரு மடையை எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் தண்ணீர் மற்ற மடைகளைத் தேடிப் போகும். எல்லா மடைகளையும் கொஞ்சம் இறக்கினால் நீர்மட்டம் சொன்னபடி கேட்கும். இதற்கு ஆதாரம் மிகப் பழையது. 1967இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்ட் ஃப்ரைஸ் நடத்திய ஆய்வுதான் உயர் அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் பிழைக்கும் என்பதை முதன்முதலில் கட்டுப்பாட்டோடு நிறுவியது. 143 ஆண்கள். போலி மாத்திரை எடுத்தவர்களில் 27 பேருக்குக் கடும் விளைவுகள். மருந்து எடுத்தவர்களில் 2 பேருக்கு மட்டும். அந்த மருந்து ஒன்றல்ல, மூன்றின் கூட்டு: சிறுநீரகத்தில் உப்பை வெளியேற்றும் ஹைட்ரோகுளோரோதயசைடு, குழாயைத் தளர்த்தும் ஹைட்ரலசின், நரம்பு முனைகளில் நார்அட்ரினலின் சேமிப்பைக் காலிசெய்யும் ரெசர்பின். சிறுநீரகம், குழாய், நரம்பு என்று மூன்று தனித்தனிப் பாதைகள்.

அந்த மூன்றாவது மருந்து நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து வந்தது என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். அதன் அழுத்தம் குறைக்கும் குணத்தை 1931இலேயே சென், போஸ் என்ற இரு இந்திய மருத்துவர்கள் எழுதினார்கள். பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதய இதழில் தம் நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்ட பிறகே மேலை நாடுகள் திரும்பிப் பார்த்தன. 1952இல் சுவிட்சர்லாந்தில் ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அதிக அளவில் மனச்சோர்வு தரும் என்பதால் பின்னர் ஒதுங்கிவிட்டது.

ஒரு மருந்தின் அளவை இரட்டிப்பதைவிட வேறு வகை மருந்தொன்றைச் சேர்ப்பது ஏறக்குறைய ஐந்து மடங்கு பலன் தரும் என்று லண்டனில் வால்டும் அவர் குழுவினரும் 2009இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். இந்தியாவிலேயே நடந்த டாப்ஸ்பின் ஆய்வு ஏறக்குறைய 2,000 நோயாளிகளுக்கு மூன்று வகை இரட்டைக் கூட்டு மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தது. மூன்றும் சமமாக வேலை செய்தன; ஆறு மாதத்தில் சுமார் 70 சதவீதம் பேர் 140/90க்குக் கீழே வந்தார்கள். நம் நாட்டில் வழக்கமாகக் காணும் கட்டுப்பாட்டு விகிதத்தோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய தாவல். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2019 முதல் இத்தகைய கூட்டு மாத்திரைகள் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி வீடு தேடி மாத்திரை கொண்டுபோகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' போன்ற திட்டத்தில், ஒரே மாத்திரைக்குள் இரு பாதைகளைச் சேர்த்துக் கொடுப்பது பெரும் பலன் தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எந்த இரண்டு என்பதில் மட்டும் கவனம் வேண்டும். தயசைடு உப்பை வெளியேற்றும்போது ரெனின் ஏறும், பொட்டாசியம் குறையும். ஏசிஇ மருந்து அந்த ரெனினின் விளைவைத் தடுக்கும், பொட்டாசியத்தைக் காக்கும். ஒன்றின் குறையை மற்றது நிரப்பும் இத்தகைய இணையே நல்ல இணை.

தயசைடு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் நம் சமையலறைக்கு நேரே ஒரு வழி இருக்கிறது. 1950களின் இறுதியில் பயன்பாட்டுக்கு வந்த அந்த மருந்து சிறுநீரகத்தில் எதைப் பற்றுகிறது என்பது 1993 வரை தெரியாது. ஒரு தட்டைமீனின் சிறுநீர்ப்பையிலிருந்துதான் அந்த உப்புக் கடத்தியின் மரபணுவை முதலில் பிடித்தார்கள். பிறகு 2001இல் ரிச்சர்ட் லிஃப்டனின் குழு, பரம்பரையாக உயர் அழுத்தமும் மிகு பொட்டாசியமும் உள்ள குடும்பங்களை ஆராய்ந்து, அந்தக் கடத்தியை ஆட்டுவிக்கும் டபிள்யூஎன்கே என்னும் கைனேஸ்களின் மரபணுப் பிறழ்வுகளே காரணம் என்று கண்டுபிடித்தது. இந்தக் கைனேஸ்கள் செல்லுக்குள் இருக்கும் குளோரைடின் அளவை உணர்பவை. இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் செல்லின் குளோரைடு குறையும், கைனேஸ் விழிக்கும், உப்புக் கடத்தி முடுக்கப்படும், உண்ட உப்பு வெளியேறாமல் தங்கும். அதாவது உப்பு மிகுந்து, கீரையும் காயும் பழமும் குறைந்த உணவு இரு பக்கமும் தீங்கு செய்கிறது. உப்பை உள்ளே விடுவதும் அந்த உணவே, வெளியே போகவிடாமல் சமிக்ஞை கொடுப்பதும் அந்த உணவே.

வட சீனாவின் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் ஐந்தாண்டு நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. பாதிக் கிராமங்களில் சமையல் உப்புக்குப் பதில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. அங்கே பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. மாத்திரையே இல்லாமல், தயசைடு வேலை செய்யும் அதே கடத்தியின் கட்டளையை உணவு வழியாக மாற்றியதும் இதில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் இல்லாமல் சோறு இறங்காத நமக்கு இது மிகப் பொருந்தும். சிறுநீரக நோய் உள்ளவர்களும், ஸ்பைரோனோலாக்டோன் போன்றவற்றையோ ஏசிஇ வகை மருந்துகளையோ எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த உப்புக்கு மாறக்கூடாது. பொட்டாசியம் அளவு மீறி ஏறினால் இதயத் துடிப்பு நிலைகுலையும்.

அண்மைக் காலத்தின் புதிய மருந்துகளுக்கு வருகிறேன். மூன்று மருந்துக்கும் அடங்காத அழுத்தத்தில் ஆல்டோஸ்டெரோனின் பங்கு நாம் நினைத்ததைவிடப் பெரிது என்பதை 2015இல் பிரிட்டனில் நடந்த பாத்வே-2 ஆய்வு உணர்த்தியது. ஆல்டோஸ்டெரோனின் ஏற்பியை அடைக்கும் பழைய ஸ்பைரோனோலாக்டோன் அந்த ஆய்வில் மற்ற எல்லாவற்றையும் வென்றது. ஆனால் அது ஆண் ஹார்மோன் ஏற்பியையும் தொடுவதால் ஆண்களுக்கு மார்பகம் வீங்கும். ஏற்பியை விட்டுவிட்டு, ஆல்டோஸ்டெரோனைத் தயாரிக்கும் நொதியையே தடுக்கலாம் என்றால், கார்டிசோலைத் தயாரிக்கும் நொதி அதற்கு 93 சதவீதம் ஒத்தது. ஒன்றைத் தொட்டு மற்றதைத் தொடாத மூலக்கூறுக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. பாக்ஸ்ட்ரோஸ்டாட் அப்படிப்பட்டது; 2025இல் வெளியான பெரிய ஆய்வில், மருந்துக்கு அடங்காத நோயாளிகளுக்குப் போலி மருந்தைவிட ஏறத்தாழ 9 முதல் 10 மி.மீ. வரை கூடுதலாகக் குறைத்தது. 1988இல் ஜப்பானில் யானாகிசாவா கண்டறிந்த எண்டோதெலின் என்னும் கடும் இறுக்கியின் ஏற்பிகளை அடைக்கும் அப்ரோசிடென்டான் 2024இல் அமெரிக்காவில் பிரஷர் மருந்தாக அனுமதி பெற்றது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எந்தச் சாதாரண பிரஷர் மருந்தும் தொடாமலிருந்த தனிப் பாதை என்பதால் இதை வரவேற்கிறேன். கருவைப் பாதிக்கும், உடலில் நீர் தேங்கவைக்கும் என்ற எச்சரிக்கைகள் அதோடு உண்டு.

சிலெபெசிரான் மேலும் ஒரு படி போகிறது. கல்லீரல் செல்லில் ஆஞ்சியோடென்சினோஜனின் ஆர்என்ஏ செய்தியையே அழித்துவிடும் ஊசி. பாதையின் ஊற்றுக்கண்ணையே அடைக்கிறது. ஒரு முறை போட்டால் ஆறு மாதம் வரை வேலை செய்யும். 2024இல் வெளியான ஆய்வில் மூன்று மாத முடிவில் போலி மருந்தைவிட 14 முதல் 17 மி.மீ. வரை குறைவு. தினமும் மாத்திரை மறக்கிறவர்களுக்கு இது வரம்போலத் தோன்றும். எனக்கு இதில் ஒரு கவலை உண்டு. முன்பு சொன்ன முதியவர் கோடையில் வாந்தி பேதியால் வற்றிப்போனால் மாத்திரையை நிறுத்திவிடலாம். ஊசியை எப்படி நிறுத்துவது? இந்தப் பாதையின் மருந்துகள் கருவின் சிறுநீரகத்தைச் சிதைப்பவை. ஊசி போட்ட பெண் இரண்டாம் மாதம் கருவுற்றிருப்பதை அறிந்தால் என்ன செய்வது? விளைவை விரைந்து திருப்பும் மாற்று மருந்து கையில் இல்லாமல் இதைப் பரவலாகக் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கர்ப்பிணி என்றதும் மிக அவசரமான ஒன்று நினைவுக்கு வருகிறது. கர்ப்பகால உயர் அழுத்தத்தின் கொடிய வடிவமான ப்ரீஎக்லாம்ப்சியாவில் ஏசிஇ மருந்தோ சார்ட்டன்களோ கூடாது. மெத்தில்டோபா, லேபெட்டலால், நிஃபெடிபின் ஆகியவற்றைக் கொண்டு தாயைக் காக்கிறோம். வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட். நோயின் வேரை இவை எதுவும் தொடுவதில்லை. அந்த வேரைக் காட்டியவர்களில் முதன்மையானவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற அனந்த் கருமாஞ்சி. 2003இல் அவருடைய குழு, நோயுற்ற நஞ்சுக்கொடி எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதத்தை அளவு மீறித் தாயின் இரத்தத்தில் விடுவதைக் காட்டியது. இது இரத்தத்தில் மிதக்கும் பொய் ஏற்பி. குழாயின் உட்படலத்துக்குப் போக வேண்டிய விஇஜிஎஃப் என்னும் வளர்ச்சிச் செய்தியை நடுவழியில் கவ்விக்கொள்கிறது. செய்தி கிடைக்காத உட்படலம் நைட்ரிக் ஆக்ஸைடைக் குறைக்கிறது, அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரில் புரதம் ஒழுகுகிறது. புற்றுநோய்க்கு விஇஜிஎஃபைத் தடுக்கும் மருந்து வாங்கும் நோயாளிகளுக்கும் இதே போல் அழுத்தம் ஏறி, புரதம் ஒழுகுவது இந்த விளக்கத்துக்கு வலுவான துணை.

இந்தப் புரதத்தை அளக்கும் இரத்தச் சோதனைக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருத்துவமனையில் இருக்கும் கர்ப்பிணிகளில் யாருக்கு அடுத்த இரு வாரங்களுக்குள் நோய் முற்றும் என்று கணிக்க அது உதவுகிறது. 2018இல், நஞ்சுக்கொடியில் எஸ்எஃப்எல்டி-1 உருவாவதை ஆர்என்ஏ ஊசியால் பாதியளவு வரை குறைத்து, பபூன் குரங்குகளில் அழுத்தத்தை இறக்கிக் காட்டினார்கள். சிலெபெசிரானைப் பற்றி நான் சொன்ன கவலை இங்கே பெரிதாக எழாது. இங்கே தேவைப்படுவது சில வாரங்கள்தான், குழந்தையின் நுரையீரல் முதிரும் வரை. அந்த ஊசி தாய்க்கும் சேய்க்கும் பாதுகாப்பானதா என்பதை மனிதர்களில் பார்த்தாக வேண்டும். அதுவரை 28ஆம் வாரத்தில் கடும் ப்ரீஎக்லாம்ப்சியாவோடு வரும் தாயிடம், நோயை நிறுத்த ஒரே வழி பிரசவம்தான் என்று சொல்லும் நிலையில்தான் நாம் இருக்கிறோம். இங்கே அமர்ந்திருக்கும் முதுகலை மாணவர்களில் மகப்பேறும் மருந்தியலும் எடுத்தவர்கள் சேர்ந்து இந்தப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் அரசு மருத்துவமனைகளின் பிரசவ வார்டுகளில் இந்த நோய் வராத நாளே இல்லை.